தொண்டைக்குள் டொன்சில் எங்கே இருக்கிறது: பார்த்து அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

"மிஸ், பிள்ளைக்குத் திரும்பவும் டொன்சில்." வன்னியில் வெளிநோயாளர் பிரிவில் வேலை செய்கிற எந்தத் தாதியும் இந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு கிழமையைக் கடத்தியிருக்கமாட்டார். மாரி தொடங்கிவிட்டால் நாளுக்கு நாலு தடவை. எங்கள் சனத்துக்கு டொன்சில் என்பது வருத்தத்தின் பெயர். அது எல்லோருடைய தொண்டையிலும் பிறந்ததிலிருந்து இருக்கிற ஒரு உறுப்பு என்று சொன்னால் அம்மாமார் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பயிற்சிக்கு வரும் தாதிய மாணவிகளும் கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்களும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். டோர்ச் அடித்தவுடன் சிவப்பாக எது கண்ணில் பட்டாலும் அதை டொன்சில் என்று எழுதிவிடுவார்கள். காரணம், அவர்கள் டொன்சிலை நேராகத் தேடுவது. அதற்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு வளைவுகள் இருக்கின்றன. முதலில் அந்த இரண்டையும் பிடித்தால் இடையில் கிடப்பது எதுவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே வருவது அந்த வரிசைதான். மருந்தைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை, அதற்குள் நான் போகவில்லை.

1. வாயைத் திறக்கச் சொல்ல முதல்

தடியைக் கையில் எடுக்க முதல் ஆளைப் பாருங்கள். பிள்ளை எச்சிலை விழுங்க முடியாமல் வடித்துக்கொண்டு, முன்னால் சரிந்து, நாடியை நீட்டியபடி இருக்கிறதா? மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்றோ கீச்சென்றோ சத்தம் வருகிறதா? வந்தால் வாய்க்குள் ஒன்றையும் விடக்கூடாது. நாக்கின் அடியில் இருக்கும் குரல்வளை மூடி வீங்கியிருக்கலாம். தடி பட்டுப் பிள்ளை வீரிட்டு அழுதால் மிச்சமிருக்கும் மூச்சுவழியும் அடைபட்டுப் போகும். படுக்கவைக்கவும் வேண்டாம். தாயின் மடியில் இருந்தபடியே உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் மூன்று கேள்விகள்.

கடைசியாக எப்போது சாப்பிட்டது? ஒரு மாணவி இதைக் கேட்காமல் விட்டாள். ஐந்து வயதுப் பெடியன், வாசலில் இருந்து பால்தேத்தண்ணீரில் பிஸ்கட் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தான். தடி உள்ளே போன மறு நொடி அவ்வளவும் அவளுடைய வெள்ளைச் சட்டையில். வயிறு நிறைந்திருந்தால் ஒரு மணித்தியாலமாவது பொறுக்கலாம், அவசரமில்லாத விடயம்தானே.

என்ன சாப்பிட்டது? நாவல்பழக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாக்கும் தொண்டையும் ஊதா நிறத்தில் இருக்கும். ஐஸ்பழம் குடித்துவிட்டு வந்தால் பச்சையோ சிவப்போ ஏதோ ஒன்று. வெற்றிலை போடுபவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. வாயைக் கொப்புளிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான நிறம் தெரியும்.

ஆடுகிற பல் இருக்கிறதா? ஆறு, ஏழு வயதில் முன்பல் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருக்கும். தடி தட்டி அது உள்ளே விழுந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகவும் இடமுண்டு.

2. எடுத்து வைக்கவேண்டியவை

வெள்ளை வெளிச்சம் தரும் சின்ன டோர்ச். பழைய மஞ்சள் பல்ப் டோர்ச்சில் எல்லாமே சிவந்தும் மஞ்சளாயும் தெரியும், வீக்கத்தையும் சீழையும் அதில் நம்பமுடியாது. போன் வெளிச்சம் பரவாயில்லை. ஆனால் புதியவர்கள் போனை முகத்துக்கு நேரே பிடித்துத் தங்கள் கண்ணையே மறைத்துக்கொள்வார்கள். வெளிச்சம் உங்கள் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து, பார்வை போகிற அதே கோட்டில் போகவேண்டும். கரண்ட் இல்லாத நாளில் ஆளை யன்னலைப் பார்த்து இருத்தினால் பாதி வேலை முடிந்தது.

நாக்கை அமர்த்த மரத்தட்டை. வார்ட்டில் ஸ்பட்டுலா என்பார்கள். ஒருவருக்கு ஒன்று, பார்த்து முடிந்ததும் குப்பைக்கு. வீட்டில் கொதிநீரில் கழுவிய தேக்கரண்டியின் காம்பு போதும்.

முகக்கவசமும் கையுறையும். தொண்டைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு இருமல் வந்தால் அது முழுவதும் உங்களுக்குத்தான். ஒரு கோப்பை தண்ணீர், ஒரு துவாய், சத்தி எடுத்தால் பிடிக்க ஒரு தட்டம். எழுதத் தாளும் பேனையும் பக்கத்திலேயே இருக்கட்டும், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

3. இருத்தும் விதம்

பெரியவர் கதிரையில், தலை சுவரில் சாய்ந்தபடி. அவருடைய வாயும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் வரவேண்டும். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் நாக்குத்தான் தெரியும். தலையை அதிகம் பின்னால் சாய்க்கவும் விடாதீர்கள், அப்போது பார்வை அண்ணத்தில் முட்டி நின்றுவிடும்.

சின்னப் பிள்ளை என்றால் தாயின் மடியில், முதுகு தாயின் நெஞ்சில் படும்படி இருத்துங்கள். தாயின் ஒரு கை பிள்ளையின் இரண்டு கைகளையும் சேர்த்து அணைக்கட்டும், மற்றக் கை நெற்றியில். பிள்ளையின் கால்கள் தாயின் முழங்கால்களுக்கு இடையில். பார்க்கக் கொடுமைபோலத்தான் இருக்கும். ஆனால் பிடி தளர்ந்து பிள்ளை தலையைத் திருப்பும்போதுதான் தடி அண்ணத்தில் குத்துகிறது.

"ஊசி போடமாட்டேன், வாய்க்குள்ள எத்தினை பல் எண்டு எண்ணப்போறன்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே எண்ணத் தொடங்குங்கள். கொடுப்புப் பல் வரைக்கும் எண்ணி முடிக்கும்போது வாய் நன்றாகத் திறந்திருக்கும்.

4. தடியில்லாமல் முதற் பார்வை

எடுத்த எடுப்பில் தடியை வைக்காதீர்கள். பத்துப் பேரில் நாலைந்து பேருக்குத் தடியே தேவைப்படாது.

முதலில் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். ஆளின் சொந்தக் கைவிரல் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் நுழையவேண்டும். நுழையாவிட்டால் அதுவே ஒரு செய்தி. தொண்டை நோவோடு சில நாட்களுக்குள் வாய் திறக்க முடியாமல் போனால் டொன்சிலுக்கு வெளிப்பக்கம் சீழ் கட்டியிருக்கலாம். வெற்றிலை, பாக்கு நெடுங்காலம் போடுபவருக்கு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வாய் இறுகிக்கொண்டு வந்தால் அது வேறு விடயம், அதையும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பிறகு நாக்கை வாய்க்குள்ளேயே தளர்வாக வைத்துக்கொண்டு "ஆ" சொல்லச் சொல்லுங்கள். நாக்கை வெளியே நீட்டச் சொல்வது பழைய பழக்கம். நீட்டினால் முன் வளைவு இறுகி டொன்சிலை மறைக்கும். சிலருக்கு "ஆ" சொன்னாலும் நாக்கு மேலே எழும்பி நிற்கும். அவர்களிடம் வெயிலில் நாய் இளைப்பதுபோல வாயால் மூச்சு வாங்கச் சொன்னால் நாக்கு தானாகக் கீழே படிந்துவிடும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

இப்போது மேலே பாருங்கள். முன்பக்கம் கடினமான வல்லண்ணம், அதற்குப் பின்னால் மெல்லண்ணம், அதன் நடுவில் தொங்குகிற உண்ணாக்கு. "ஆ" சொல்லும்போது மெல்லண்ணம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் மேலே எழும்பவேண்டும், உண்ணாக்கு நடுவில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் தள்ளுண்டு நின்றால் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உண்ணாக்கு விழுந்துவிட்டது என்று மிளகுத்தூளை விரலில் தொட்டுத் தூக்கிவிடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்ணாக்கு விழுவதில்லை. தொண்டை அழன்றால் அதுவும் சேர்ந்து வீங்கி நாக்கில் படுகிறது, அவ்வளவுதான். விரல் போனால் புண்தான் மிச்சம்.

5. நாக்கை அமர்த்துதல்

தட்டையைத் தண்ணீரில் நனையுங்கள், காய்ந்த மரம் நாக்கில் ஒட்டி இழுக்கும். நாக்கின் நடுப்பகுதியில், நடுக்கோட்டிலிருந்து சற்று ஒரு பக்கமாக வைத்து, கீழேயும் கொஞ்சம் முன்னாலும் வருகிற மாதிரி அமர்த்துங்கள். வலப் பக்கம் பார்த்த பிறகு எடுத்து இடப் பக்கம். இரண்டையும் ஒரே அழுத்தலில் பார்க்க முனைந்தால் நாக்கின் நடுவைத்தான் குத்துவீர்கள், அது இரண்டு பக்கமும் பிதுங்கி எல்லாவற்றையும் மறைக்கும்.

எவ்வளவு தூரம் உள்ளே போகலாம்? நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கு வரை. கடைசி மூன்றில் ஒரு பங்கும், டொன்சிலும், தொண்டையின் பின்சுவரும் ஒன்பதாவது மூளை நரம்பின் ஆட்சியில் இருப்பவை. தொட்டவுடன் ஓங்காளம் வரும். அந்த நரம்பு தன் கடமையைச் செய்கிறது, பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை.

புதியவர்கள் விடுகிற பெரிய பிழை இங்கேதான். ஒன்றும் தெரியவில்லை என்றவுடன் தடியை இன்னும் உள்ளே தள்ளுவார்கள். தெரியாவிட்டால் தடியை வெளியே எடுங்கள், ஆளை மூச்சு வாங்க விடுங்கள், வெளிச்சத்தின் சாய்வை மாற்றி மறுபடி தொடங்குங்கள்.

ஓங்காளம் வரும் அந்த நொடியில் தொண்டைத் தசைகள் சுருங்கி இரண்டு டொன்சிலையும் நடுப்பக்கம் தள்ளும். சாதாரணமாக இருக்கிற டொன்சிலும் அப்போது ஒரு மடங்கு பெரிதாகத் தோன்றும். அடம்பிடிக்கிற பிள்ளையில் அந்த ஒரு நொடிதான் கிடைக்கும் என்பது உண்மை. நிறத்தையும் வெள்ளைப் படிவையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அளவை மட்டும் அந்த நொடியில் முடிவு செய்யாதீர்கள்.

6. வளைவுகளைப் பிடித்தல்

இதற்கு நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உண்ணாக்கில் தொடங்குங்கள், அதை எல்லோருக்கும் தெரியும். அதன் அடியிலிருந்து மெல்லண்ணத்தின் ஓரம் வலப் பக்கமும் இடப் பக்கமும் வளைந்து இறங்கும். அப்படி இறங்குகிற ஓரம் ஒவ்வொரு பக்கமும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு மடிப்பு முன்னால் இறங்கி நாக்கின் பக்கவாட்டில் போய்ச் சேரும், அது முன் வளைவு. மற்றது பின்னால் சரிந்து தொண்டைச் சுவரோடு கலக்கும், அது பின் வளைவு. இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு தசை ஓடுகிறது. முன்னதில் அண்ணத்தையும் நாக்கையும் இணைக்கும் தசை, பின்னதில் அண்ணத்தையும் தொண்டைச் சுவரையும் இணைக்கும் தசை. விழுங்கும்போது அவை இறுகுவதால்தான் வளைவுகள் அசைகின்றன.

மேலே ஒரு முனையில் சேர்ந்து கீழே போகப்போக விரிகிற இரண்டு குளக்கட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இடையில் முக்கோணமாக ஒரு பள்ளம் வரும். டொன்சில் குந்தியிருப்பது அந்தப் பள்ளத்தில்.

சரி, எங்கே பிழைக்கிறது? ஒரு நாள் ஒரு மாணவியிடம் முன் வளைவைக் காட்டச் சொன்னேன். அவள் நம்பிக்கையோடு காட்டியது சொக்கையின் உட்பக்கம், மேல் கடைசிக் கொடுப்புப் பல்லுக்குப் பின்னாலிருந்து கீழ்க் கடைசிக் கொடுப்புப் பல்லுக்குப் பின்னால் இறங்குகிற ஒரு மடிப்பை. வாயை அகலத் திறந்தால் அது கயிறுபோல விறைத்து நிற்கும், டோர்ச் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். அதற்கும் உண்மையான முன் வளைவுக்கும் இடையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அவள் அந்த இடைவெளியைப் பள்ளம் என்று எடுத்து, "டொன்சில் இல்லை, ஒப்பரேசன் செய்திருக்கினம் போல" என்று எழுதியிருந்தாள். அந்த ஆளுக்கு ஒப்பரேசன் என்ற பேச்சே இல்லை.

சந்தேகம் வந்தால் இரண்டு சோதனை. "ஆ" சொல்லவையுங்கள். மெல்லண்ணத்தோடு சேர்ந்து அசைவது முன் வளைவு. சொக்கை மடிப்பு அந்தச் சத்தத்தைக் கவனிக்கவே மாட்டாது. அடுத்து, வாயைப் பாதி மூடச் சொல்லுங்கள். சொக்கை மடிப்பு உடனே தளர்ந்துவிடும்.

பின் வளைவில் வேறு மாதிரிப் பிழை. அது பெரும்பாலும் டொன்சிலுக்குப் பின்னால் மறைந்து ஒரு மெல்லிய ஓரமாக மட்டும் தெரியும். அதைத் தொண்டையின் பின்சுவர் என்று எடுத்து, "பின்சுவர் வீக்கம்" என்று எழுதுவார்கள். பின்சுவர் இரண்டு பின் வளைவுகளுக்கும் அப்பால், நடுவில், தட்டையாக இருக்கும்.

சிலரில், பிள்ளைகளில் கூடுதலாக, முன் வளைவின் கீழ்ப்பாதியிலிருந்து ஒரு மெல்லிய தோல்மடிப்பு டொன்சிலின் கீழ் முன்பகுதியை மூடியிருக்கும். அது வழமைதான்.

7. பள்ளத்துக்குள் இருப்பது

டொன்சில் வாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு மென்சதை. வளர்ந்த ஒருவரில் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் நீளம், இரண்டு சென்ரிமீற்றர் அகலம். நமக்குத் தெரிவது உட்பக்கத்து முகம் மட்டும். அதில் ஊசியால் குத்தியதுபோல 10 முதல் 20 குழிவாய்கள் இருக்கும். மேற்பகுதியில் ஒரு பெரிய பிளவும் உண்டு. அந்தக் குழிகள் உள்ளே ஆழமாக ஓடிப் பிரிகின்றன. வாயால் வரும் கிருமிகளோடு உடலின் காவல் அணுக்கள் சந்திக்க எவ்வளவு இடம் கிடைக்குமோ அவ்வளவு நல்லது. அதற்காகத்தான் மேற்பரப்பு இப்படி மடிந்து மடிந்து போகிறது.

வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அவசரப்படாதீர்கள். மூன்று வகை இருக்கிறது.

ஒன்று, குழிவாய்களில் புள்ளி புள்ளியாக, அல்லது சேர்ந்து திட்டாக வரும் சீழ்ப்படிவு. சுற்றிலும் சிவந்திருக்கும், ஆளுக்குக் காய்ச்சல், விழுங்க நோ. வைரஸாலும் வரலாம், பக்ரீரியாவாலும் வரலாம், பார்வையால் மட்டும் பிரிக்க முடியாது. தடிமன், இருமல் இல்லாமல் காய்ச்சலும் கழுத்தில் நெறிக்கட்டியும் சேர்ந்திருந்தால் பக்ரீரியா என்ற சந்தேகம் கூடும். அதை வைத்தியர் பார்க்கட்டும். வைத்தியர் மருந்தை 10 நாளைக்கு எழுதினால், மூன்றாம் நாள் சுகமானாலும் 10 நாளும் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு இதய வால்வைப் பழுதாக்கும் ருமாற்றிக் காய்ச்சல் வராமல் தடுப்பது அந்த முழு மருந்துதான்.

இரண்டு, காய்ச்சலும் நோவும் இல்லாமல் ஒரு குழியில் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும் வெள்ளை அல்லது மஞ்சள் மணி. சாப்பாட்டுத் துணுக்கும் இறந்த அணுக்களும் சேர்ந்து இறுகியது, டொன்சில் கல் என்பார்கள். வாய் மணக்கும், வேறு தொல்லை குறைவு. ஊக்கால் தோண்டி எடுக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். உப்புத்தண்ணீரில் கொப்புளித்தால் தானாக வரும்.

மூன்று, சாம்பல் நிறத்தில் தோல்போல ஒட்டியிருந்து, டொன்சிலைத் தாண்டி வளைவுக்கும் அண்ணத்துக்கும் பரவுகிற படலம். துடைக்கப்போனால் இரத்தம் கசியும். தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியா இப்படித்தான் தொடங்கும். தடுப்பூசியால் இப்போது காண்பது அரிது. கண்டால் சுரண்டிப் பார்க்காமல் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

அளவுக்கு வருவோம். வலது முன் வளைவிலிருந்து இடது முன் வளைவு வரையுள்ள இடைவெளியை மனதில் பிடியுங்கள். டொன்சில் பள்ளத்துக்குள்ளேயே இருந்து வெளியே தெரியாவிட்டால் 0. அந்த இடைவெளியில் கால் பங்குக்குள் பிடித்தால் 1, கால் முதல் அரை 2, அரை முதல் முக்கால் 3, அதற்கு மேல் 4. அளவு எண் வீக்கத்தின் எண் என்று நினைப்பது பொதுவான பிழை. ஐந்தாறு வயதுப் பிள்ளையில் நல்ல சுகத்தோடேயே 2, 3 இருக்கும். அந்த வயதில் உறுப்பே பெரிது, பதின்ம வயது தாண்டச் சுருங்கத் தொடங்கும். பெரிய டொன்சிலைவிட, இரவில் குறட்டைவிட்டு இடையில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று தாயிடம் கேட்பது பயனுள்ள கேள்வி.

பெரியவரில் இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று கட்டாயம் ஒப்பிடுங்கள். வயலில் வேலை செய்யும் அப்பு ஒருவர், "ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஏதோ சிக்கினமாதிரி, பிள்ளை" என்று வந்தார். காய்ச்சல் இல்லை, நோவும் பெரிதாக இல்லை. வாய் முழுக்க வெற்றிலைக் கறை. கொப்புளிக்கவைத்துப் பார்த்தால் இடது டொன்சில் வலதைவிட இரண்டு மடங்கு, மேலே கரடுமுரடாக. இப்படியானவரைக் கொப்புளிப்பு மருந்தோடு வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னணியில் நிற்பது வாய்ப்புற்று. வெற்றிலையும் புகையிலையும் அதற்குப் பெரிய காரணம்.

8. பின்சுவரும் நாக்கின் அடியும்

டொன்சிலைப் பார்த்து முடித்ததும் இரண்டு நொடி பின்சுவரைப் பாருங்கள். சின்னச் சின்ன மேடுகளாக, கொத்துமல்லி விதை ஒட்டிவைத்ததுபோலத் தெரிந்தால் பயப்படவேண்டாம், அவையும் டொன்சில் மாதிரியான திசுத்தான். தடிமனுக்குப் பிறகு இன்னும் எடுப்பாகத் தெரியும். மேலேயிருந்து சளி வழிந்தால் குறிக்கலாம்.

கைக் கண்ணாடியில் தன் நாக்கைத் தானே பார்த்துப் பயந்து வருபவர்கள் ஒரு தனி ரகம். நாக்கின் பின்பகுதியில், முனை பின்னால் போன கூர்ப்பாக, 8 முதல் 12 வட்ட மொட்டுகள் வரிசையில் இருக்கும். அவை சுவை மொட்டுகளைத் தாங்கும் மேடுகள், எல்லோருக்கும் உண்டு. அவற்றுக்கும் பின்னால் நாக்கின் அடியில் இன்னொரு டொன்சில் திசு. மூக்கின் பின்புறம் மேலே அடினொயிட். இவையெல்லாம் சேர்ந்து தொண்டை வாசலைச் சுற்றி ஒரு வளையம். அதனால்தான் ஒப்பரேசனில் இரண்டு டொன்சிலை எடுத்தாலும் உடலின் காவல் முற்றாகப் போய்விடுவதில்லை.

இன்னும் இரண்டு ஏமாற்றுகள்: மேல் கடைசிக் கொடுப்புப் பல்லுக்குப் பின்னால், சற்று உட்பக்கமாக, விரலில் தட்டுப்படும் சின்ன எலும்புக் கூர். வல்லண்ணத்தின் நடுவில் சிலருக்கு இருக்கும் எலும்பு மேடு. இரண்டும் வருத்தமல்ல.

9. கண்ணுக்குத் தெரியாத வெளிப்பக்கம்

டொன்சிலின் வெளிமுகத்தை ஒரு உறை மூடியிருக்கிறது. உறைக்கு வெளியே தளர்ந்த திசு, அதற்கு வெளியே தொண்டைச் சுவரின் தசை, அதற்கும் வெளியே கழுத்தின் பெரிய இரத்தக்குழாய்கள். இந்த அடுக்கு ஒழுங்கு தெரிந்தால் நோயாளி சொல்கிற பல விடயம் விளங்கும்.

சீழ் உறைக்கும் தசைக்கும் இடையிலுள்ள அந்தத் தளர்ந்த இடத்தில்தான் கட்டும், பெரும்பாலும் மேற்பக்கம். அதனால் மெல்லண்ணம் அந்தப் பக்கம் உப்பி, டொன்சில் கீழேயும் நடுவுக்கும் தள்ளப்பட்டு, உண்ணாக்கு மறுபக்கம் ஒதுங்கும். நாலாம் படியில் குறித்ததை இங்கே பொருத்திப் பாருங்கள். பக்கத்திலிருக்கும் தாடைத் தசை இறுகுவதால் வாய் திறக்காது. பேச்சு, வாய் நிறைய வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். இதைக் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வளர்ந்தவரில் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் உள் கழுத்து நாடி டொன்சிலுக்குப் பின் வெளிப்பக்கமாக இரண்டரை சென்ரிமீற்றர் அளவு தூரத்தில்தான் ஓடுகிறது. கண்டவர் குத்திச் சீழ் எடுக்கிற இடமல்ல அது.

தொண்டை நோவோடு வரும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு காதுக்குத்து என்று அழும். காதைப் பார்த்தால் சவ்வு நன்றாக இருக்கும். டொன்சிலுக்கு வருகிற அதே ஒன்பதாவது நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்கும் போகிறது. மூளைக்கு இடம் பிரித்துத் தெரியவில்லை.

டொன்சிலுக்கு இரத்தம் பல நாடிகளிலிருந்து வருகிறது. முக்கியமானது முக நாடியின் கிளை, கீழ்ப்பக்கத்தால் நுழையும். டொன்சில் எடுத்த ஆளைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஒப்பரேசன் முடிந்து சில நாட்களில் பள்ளம் முழுவதும் வெள்ளையாகப் படிந்திருக்கும், அது ஆறுகிற புண், சீழ் என்று பயப்படாதீர்கள். ஆனால் முதல் 24 மணித்தியாலத்திலும், பிறகு 5 முதல் 10 நாளுக்குள்ளும் இரத்தம் கசியலாம். பிள்ளை துப்பாமல் விழுங்கிவிடும். தூக்கத்தில் அடிக்கடி மிடறு விழுங்கிக்கொண்டே இருந்தால் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பாக ஏதும் தெரிந்தால் விடியும்வரை காத்திராதீர்கள்.

10. கழுத்தைத் தொட்டுப் பார்த்தல்

டொன்சிலிலிருந்து வடிகிற நிணநீர் கழுத்தில் ஒரு குறிப்பிட்ட நெறிக்கட்டிக்கு வரும். தாடையெலும்பு காதுக்குக் கீழே வளைகிற மூலைக்குச் சற்றுக் கீழே, பின்னால். ஆளின் பின்னால் நின்று, தலையைக் கொஞ்சம் குனியவைத்து, விரல் நுனிகளின் சதைப்பகுதியால் மெல்ல உருட்டிப் பாருங்கள். தலை நிமிர்ந்திருந்தால் கழுத்துத் தசை இறுகிக் கட்டியை மறைக்கும். அவ்விடத்தில் துடிப்புத் தெரிந்தால் அது நாடி, விரலை நகர்த்துங்கள். இரண்டு பக்கத்து நாடியையும் ஒரே நேரத்தில் அழுத்தவேண்டாம், ஆள் தலைசுற்றி விழலாம். தாடைக்குக் கீழே முன்பக்கம் மெதுவாகத் தட்டுப்படுவது உமிழ்நீர்ச் சுரப்பி.

11. எழுதிவைத்தல்

உடனே எழுதுங்கள். அடுத்த ஆளைப் பார்த்துவிட்டு வந்து எழுதினால் பக்கம் மாறிவிடும். உங்களுக்கு முன்னால் இருப்பவரின் வலது உங்கள் இடது கைப்பக்கம். என் மாணவிகளை நான் தாளில் முதலில் ஒரு வாய் வரைந்து, இடப் பக்கத்தில் 'வலது' என்று எழுதவைக்கிறேன். வேடிக்கையாக இருந்தாலும் பிழை நின்றுவிட்டது.

வரிசை இதுதான்: வாய் எத்தனை விரல், உண்ணாக்கு நடுவிலா, வலது டொன்சில் எண், இடது டொன்சில் எண், படிவு எந்த வகை, பின்சுவர், கழுத்து நெறி எந்தப் பக்கம். ஓங்காளத்தில் மட்டுமே பார்க்க முடிந்தது என்றால் அதையும் எழுதுங்கள். "டொன்சில் ++" என்று மட்டும் எழுதிய துண்டோடு ஒட்டுசுட்டானிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போனால், அவருக்கு ஒரு நாள் கூலி போகும், வைத்தியருக்கு அந்தத் துண்டில் ஒன்றும் கிடைக்காது.

12. பழகுவது

நோயாளியில் பழகாதீர்கள். முதலில் கண்ணாடி முன்னால் உங்கள் சொந்தத் தொண்டை, பிறகு வீட்டில் தங்கச்சி, தம்பி, அயலட்டைப் பிள்ளைகள் என்று சுகமான இருபது தொண்டை பாருங்கள். சிவப்பு எவ்வளவு சாதாரணம் என்பது அப்போதுதான் கண்ணுக்குப் பழகும், முன் வளைவு எல்லோருக்கும் கொஞ்சம் சிவந்தே இருக்கும். இருபதையும் மேலே சொன்ன வரிசையில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். பத்தாவது தொண்டைக்குப் பிறகு அந்தச் சொக்கை மடிப்பை யாரும் முன் வளைவு என்று காட்டியதில்லை.